டப்பாவுக்கு ரேட் உண்டு... உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குக்கு?

முகத்தில் தேய்த்துக் கழுவும் பிளாஸ்டிக் எங்கே போகிறது? தாராவி, மாட்டுங்கா, செம்பூரிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

தாராவி தேரா கம்பவுண்டில் காலையிலேயே கிரஷர் மெஷின்கள் காதைப் பிளக்க ஆரம்பித்துவிடும். சந்துக்கு இரண்டு பக்கமும் கூரை முட்ட சாக்கு மூட்டைகள். ஒன்றைக் கவிழ்த்தால் ஷாம்பூ பாட்டில், ஃபேஸ்வாஷ் டியூப், கோல்டு கிரீம் டப்பா, உடைந்த சீப்பு என்று மும்பையின் குளியலறையே தரையில் கொட்டுகிறது. பிரித்துப் போட உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு டப்பா மூடியை எடுத்து நகத்தால் கீறுகிறார். சந்தேகமாக இருந்தால் விளிம்பைப் பல்லால் கடித்துப் பார்ப்பார்கள். அப்படியும் பிடிபடவில்லையென்றால் ஒரு சிறு துண்டை லைட்டர் தீயில் காட்டி மோந்து பார்ப்பார்கள். அணைத்த மெழுகுவத்தி வாசனை வந்தால் பாலிஎத்திலீன். கருகருவென்று புகை கக்கினால் பாலிஸ்டைரீன். மூக்கில் ஏறுகிற அமில நெடி என்றால் பிவிசி. அதைத் தனியாகத் தள்ளிவைக்க வேண்டும், கலந்தால் மொத்த மாலும் கெட்டுப்போகும். எந்த ஆய்வகமும் இல்லாமல் ஒரு பொருளின் வேதியியலைச் சில நொடிகளில் சொல்லிவிடும் கைகள் இவை.

பிரித்த மால் கழுவுகிற தொட்டிக்குப் போகிறது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கிரீம், டியூபைப் பிதுக்கியும் வராமல் மிஞ்சிப்போன ஸ்க்ரப் எல்லாம் அழுக்கோடு அழுக்காகக் கட்டரில் ஓடுகிறது. யோசித்துப் பாருங்கள். டியூப் பாலிஎத்திலீன். அந்த ஸ்க்ரப் பழைய ஃபார்முலாவாக இருந்தால், அதில் நெருநெருவென்று கையில் தட்டும் உருண்டையும் அதே பாலிஎத்திலீன்தான். டியூபை அரைத்து, கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, உருக்கி, நூடுல்ஸ் மாதிரி இழுத்து, நறுக்கித் ‘தானா’ ஆக்கினால் கிலோ கணக்கில் விலை போகும். உருண்டைக்கு வாங்குவார் கிடையாது. அது மித்தி நதிக்குப் போகிறது.

தாராவியில் விலை இல்லாத பிளாஸ்டிக் அபூர்வம் என்பார்கள். கையால் எடுக்க முடிகிற பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான் அது பொருந்தும். கையால் எடுக்கவே முடியாத பிளாஸ்டிக்கைத் தயாரித்து, அதை முகத்தில் தேய்த்து, சாக்கடையில் கழுவிவிடச் சொல்லி விற்றதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முகத்துக்கு எதற்கு பிளாஸ்டிக்?

அழகுசாதனப் பொருளில் செயற்கை பாலிமர் என்பது ஒரே பொருள் அல்ல, ஒரு பெரிய குடும்பம். அதன் கண்ணுக்குத் தெரிந்த உறுப்பினர்தான் மைக்ரோபீட்ஸ்: 5 மில்லிமீட்டருக்கும் குறைவான, பெரும்பாலும் அதைவிட மிகச் சிறிய பிளாஸ்டிக் உருண்டை. ஸ்க்ரப்பிலும் சில டூத்பேஸ்ட்டிலும் இறந்த தோலையும் கறையையும் தேய்த்தெடுக்கப் போட்டார்கள். விலை மலிவு, அளவு சீர், கெட்டுப்போகாது, விரும்பிய நிறம் கொடுக்கலாம். உற்பத்தியாளருக்கு வேறென்ன வேண்டும்!

மற்ற உறுப்பினர்கள் கண்ணில் படமாட்டார்கள். ஃபவுண்டேஷன் முகத்தில் வழுக்கிக்கொண்டு பரவுவதற்கு நைலான்-12 பொடி. தலைமுடி பளபளக்க டைமெத்திகோன் என்ற சிலிகோன். லிப்ஸ்டிக்கும் மஸ்காராவும் அழியாமல் நிற்க அக்ரிலேட் வகையறா. தண்ணீரை ஜெல்லாக்க கார்போமர்: 1950-களில் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தில் உருவான அக்ரிலிக் அமில பாலிமர் இது. நூறு கிராம் தண்ணீரில் அரை கிராம்கூட வேண்டாம். அமிலத்தன்மையைச் சமன் செய்ததும் தண்ணீர் அப்படியே கெட்டியாகி நிற்கும். 2020 கொரோனா காலத்தில் கடையில் ஜெல் சானிடைசர் காணாமல் போய், தண்ணியாக ஓடும் ஸ்ப்ரே பாட்டில்களாக வந்து குவிந்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு ஒரு காரணம் உலகம் முழுக்கக் கார்போமர் தட்டுப்பாடு.

இந்தக் கெமிஸ்ட்ரி மும்பைத் தமிழர்களுக்கு அந்நியம் அல்ல. மாட்டுங்காவில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு நடக்கிற தூரத்தில்தான் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி இருக்கிறது. 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி, நெடுங்காலம் ‘யுடிசிடி’ என்று அழைக்கப்பட்ட இடம். பாலிமருக்கென்றே அங்கே தனித் துறை உண்டு. செம்பூரை ஒட்டிய மாஹுலில் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கின்றன. டிராம்பே பக்கம் 1960-களிலேயே யூனியன் கார்பைடு பாலிஎத்திலீன் தயாரித்தது. பாலிமரைப் படிக்கவைத்த இடம், அதை உற்பத்தி செய்த இடம், அதைப் பொறுக்கிப் பிழைக்கிற இடம் மூன்றும் சில கிலோமீட்டருக்குள் அடக்கம். இப்படி ஓர் ஊர் வேறெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தோலுக்கு இந்தப் பாலிமர்கள் கெடுதலா? பொதுவாக இல்லை என்பதுதான் நேர்மையான பதில். இந்த மூலக்கூறுகள் மிகப் பெரியவை; நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம். ‘பாலிமர்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் கிரீமைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் தயாரிப்பில் சறுக்கல் உண்டு. சில பழைய வகைக் கார்போமர்களைச் செய்யும்போது பென்சீனைக் கரைப்பானாகப் பயன்படுத்துவார்கள். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 2023 டிசம்பரில்தான் அமெரிக்காவின் எஃப்டிஏ, மருந்துகளில் அந்த வகைகளை விட்டு மாறும்படி வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரச்னை தோலில் தொடங்குவதில்லை. பைப்பைத் திறந்து கழுவிய பிறகுதான் தொடங்குகிறது.

┌─ ஒரு தடவை முகம் கழுவினால்... ─┐

பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் விற்ற ஸ்க்ரப்களை வாங்கி வடிகட்டிப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அவர்களின் கணக்குப்படி, ஒருவர் ஒரே ஒருமுறை ஸ்க்ரப் போட்டுக் கழுவினால் சாக்கடையில் சேரக்கூடிய உருண்டைகள்: 4,594 முதல் 94,500 வரை.

└────────────┘

செம்பூரில் குளித்தால் எங்கே போகும்?

செம்பூர் அடுக்குமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் முகத்தில் ஸ்க்ரப் போட்டுக் கழுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் காட்கோபர் சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கம் போய், அங்கிருந்து தாணே கழிமுகத்தில் சேர்கிறது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் ரோஜா நிறத்தில் வந்து இறங்கும் அதே கழிமுகம்தான். 2015-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை அலகால் வடிகட்டித் தின்னும் பறவை. பாசி எது, பிளாஸ்டிக் எது என்று அந்த அலகுக்குப் பிரிக்கத் தெரியாது.

நகரத்தின் மேற்குப் பக்கத்துக் கழிவுநீர் பாந்த்ரா, வொர்லி நிலையங்களுக்குப் போகிறது. அங்கே பல காலமாக நடந்துவந்தது கசடை வடிகட்டி, மணலைப் படியவைக்கிற முதற்கட்ட வேலைதான். அதன் பிறகு கடலுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாய் வழியாக அரபிக் கடலுக்குள் தள்ளிவிடுவார்கள். குச்சியையும் கந்தலையும் பிடிக்கிற கம்பி வலையில் அரை மில்லிமீட்டர் உருண்டை மாட்டுமா? தாராவிச் சந்துகளின் திறந்த கட்டருக்கு அந்த வலையும் இல்லை. கட்டர் நாலா என்ற பெரிய வடிகாலில், நாலா மித்தியில், மித்தி மாஹிம் முகத்துவாரத்தில்.

இப்போது நிலைமை மாறப்போகிறது என்கிறது மாநகராட்சி. 2023 ஜனவரியில் பிரதமர் மோடி மும்பையில் ஏழு புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு சுமார் 17,200 கோடி ரூபாய். நல்ல செய்திதான். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நவீன நிலையங்கள் நுண்பிளாஸ்டிக்கில் பெரும்பகுதியைத் தண்ணீரிலிருந்து பிரித்துவிடும். பிரித்தது மாயமாகிவிடாது, அடியில் தங்கும் சகதியில் சேரும். அந்தச் சகதியை உரமென்று வயலுக்கு அனுப்பினால் உருண்டை கடலுக்குப் பதிலாக மண்ணுக்குப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோலிவாடாவின் கணக்கு

தாராவி என்றால் குடிசை, பட்டறை, இட்லி வியாபாரம் என்றுதான் வெளியே தெரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர்கள் தோல் பதனிடும் வேலைக்கு வந்து சேர்வதற்கு முன்பே அங்கே இருந்தது கோலி மீனவர்களின் குடியிருப்பு. தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது, மீன் பிடித்த கழிமுகம்தான் இல்லை. மாஹுலிலும் டிராம்பேயிலும் மிச்சமிருக்கும் கோலிகள் சேற்றில் இறங்கி வலை போடுகிறார்கள்.

வெர்சோவாவில் இருக்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அரபிக் கடலில் பிடிபட்ட இறால்களின் குடலைத் திறந்து பார்த்து நுண்பிளாஸ்டிக் இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் அதிகம் இருந்தவை இழைகள். அதாவது வலையிலிருந்தும் துணியிலிருந்தும் உதிர்ந்தவை. ஸ்க்ரப் உருண்டைதான் இறாலைக் கெடுத்தது என்று எழுதினால் தலைப்பு கவர்ச்சியாக இருக்கும், உண்மையாக இருக்காது.

மனித உடம்பைப் பற்றியும் அதே நிதானம் தேவை. 2022-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்து 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள் கண்டார்கள். அது எங்கிருந்து வந்தது, என்ன கெடுதல் செய்யும் என்பதற்கு இன்னும் முடிந்த முடிவாகப் பதில் இல்லை. இருக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

தடை உண்டு, ஆனால்...

2012-ல் யூனிலீவர், தன் பொருள்களிலிருந்து பிளாஸ்டிக் உருண்டையை எடுத்துவிடுவதாக அறிவித்தது. அதன் இந்தியக் கிளையின் தலைமையகம் நம் அந்தேரியில்தான். மற்ற பன்னாட்டு நிறுவனங்களும் வரிசையாக அறிவித்தன. அமெரிக்காவில் ஒபாமா 2015 டிசம்பரில் கையெழுத்திட்ட சட்டம், கழுவிவிடும் அழகுசாதனப் பொருள்களில் மைக்ரோபீட்ஸ் போட்டுத் தயாரிப்பதை 2017 ஜூலையிலிருந்து நிறுத்தியது. பிரிட்டன் 2018-ல் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உருண்டைகளுக்கும் ஒருவகை ஜிகினாப் பொடிக்கும் உடனே தடை போட்டது. மற்ற நுண்பிளாஸ்டிக்குகளுக்குக் கழுவிவிடும் பொருள்களில் 2027 வரையும், பூசிக்கொள்ளும் கிரீம்களில் 2029 வரையும், லிப்ஸ்டிக், நகப்பூச்சு, மேக்கப்புக்கு 2035 வரையும் அவகாசம் கொடுத்திருக்கிறது. உதட்டுச் சாயத்துக்குத்தான் ஆயுள் கெட்டி!

இங்கே? 2016-ல் விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2017-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் மைக்ரோபீட்ஸை அழகுசாதனப் பொருள்களுக்குப் பாதுகாப்பற்ற பட்டியலில் சேர்த்தது. 2020-லிருந்து நடைமுறைக்கு வரும் என்று அப்போது சொல்லப்பட்டது. 2022-ல் டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு கடைகளில் வாங்கிச் சோதித்தபோது ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப், பாடிவாஷ் சிலவற்றில் உருண்டைகள் ஜாம்ஜாமென்று இருந்தன. அமெரிக்கா மாதிரி தேதி போட்டுத் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

பிளாஸ்டிக் பை விஷயத்தில் மட்டும் மகாராஷ்டிரா சுறுசுறுப்பு. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியபோது, நாலாக்களை அடைத்த பைகள்மீது பழி விழுந்தது. 2018 ஜூனிலிருந்து பை வைத்திருந்தாலே 5,000 ரூபாய் அபராதம். மாட்டுங்கா மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவர் பையை ஒளித்துவைத்துக் கொடுத்த நாள்கள் எல்லோருக்கும் தெரியும். அதே தெருவில் கண்ணாடி ஷோரூமுக்குள் அடுக்கியிருக்கும் அழகுசாதன ஜாடிகளின் பின்பக்கத்தை எந்த இன்ஸ்பெக்டரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

┌─ ஜாடியைத் திருப்பினால் பார்க்க வேண்டிய பெயர்கள் ─┐

திடத் துகளாக இருக்கக்கூடியவை: பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், நைலான்-12, பாலிமெத்தில் மெதாக்ரிலேட், ஜிகினாவில் வரும் பாலிஎத்திலீன் டெரப்தலேட்.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாதது: பாலிஎத்திலீன் கிளைகால், அதாவது ‘பெக்’. பெயரில் பாதி ஒன்றுதான் என்றாலும் இது தண்ணீரில் கரையும், உருண்டை அல்ல. ஐரோப்பியத் தடையும் கரையும் பாலிமர்களை விட்டுவிடுகிறது.

└────────────┘

சாஷேக்குப் பின்பக்கம் கிடையாது

‘திருப்பிப் பாருங்கள்’ என்று சொல்வது சுலபம். ஜாடி வாங்குகிறவருக்குத்தான் அந்த அறிவுரை. தாராவி 90 அடி ரோட்டுப் பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்குவது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷே. சாஷே புரட்சியே நம்ம ஊர்ச் சரக்கு: கடலூர் சின்னி கிருஷ்ணன் யோசித்தது, அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய ‘சிக்’ ஷாம்பூ கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. பாட்டில் வாங்கக் காசில்லாதவர் தலைக்கும் நுரை கிடைத்தது. அதைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. நம் அழகுசாதன விதிகள்படி பொருளில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலை லேபிளில் போட வேண்டும். 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த கிரீம் வகைக்கும் அது கட்டாயமில்லை! சாஷே, பத்து ரூபாய் டியூப், சின்ன டப்பா எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். செம்பூர்க்காரர் 200 ரூபாய் ஜாடியைத் திருப்பி ‘பாலிஎத்திலீன்’ இருக்கிறதா என்று பார்க்கலாம். தாராவிக்காரர் எதைத் திருப்பினாலும் விலையும் தேதியும் கம்பெனி முகவரியும்தான் கிடைக்கும். தெரிந்துகொள்ளும் உரிமையைக் கிராம் கணக்கில் பிரித்துவைத்திருக்கிறோம்.

சாஷே உறையின் கதி இன்னும் மோசம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பல அடுக்குத் தாள் அது, பிரிக்க முடியாது. தேரா கம்பவுண்டின் பல்லும் மூக்கும் தோற்றுப்போகிற இடம் இதுதான். பொறுக்குகிறவர் அதை எடுப்பதே இல்லை. உறைக்கும் ரேட் இல்லை, உள்ளே இருப்பதற்கும் ரேட் இல்லை.

அந்தக் கம்பவுண்டே எத்தனை நாளைக்கு இருக்கும் என்பது வேறு கேள்வி. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு டெண்டர் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்துக்குப் போனது. அடுக்குமாடி வரலாம். கழுவும் தொட்டியும் உருக்கும் மெஷினும் எந்த மாடியில் நிற்கும்? மும்பையின் பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கும் கைகள் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டால், எடுக்க முடிகிற பிளாஸ்டிக்கும் நாலாவில்தான் சேரும்.

‘இரண்டு சதவீதத்துக்கு இவ்வளவு கூச்சலா?’

அழகுசாதனத் துறைக்காரர்கள் வைக்கிற வாதம் இது, எடுத்தெறிய முடியாத வாதம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2017 அறிக்கை துகளாகவே கடலில் சேரும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக்கைப் பங்கு பிரித்துக் காட்டியது. செயற்கைத் துணி துவைப்பதில் 35 சதவீதம், டயர் தேய்மானத்தில் 28 சதவீதம், அழகுசாதனப் பொருள்களில் வெறும் 2 சதவீதம். தீபாவளிக்கு எடுத்த பாலியெஸ்டர் புடவையும் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் ஓடும் லாரியும் உங்கள் ஸ்க்ரப்பைவிடப் பெரிய குற்றவாளிகள்.

ஒப்புக்கொள்வோம். ஆனால் டயர் தேயாமல் வண்டி ஓடாது, துணி துவைக்காமல் உடுத்த முடியாது. அங்கே பிளாஸ்டிக் உதிர்வது தவிர்க்க முடியாத விபத்து. ஸ்க்ரப்பில் அது திட்டம்: சாக்கடைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தே அளந்து போட்டது. நிறுத்துவதற்கு மிகச் சுலபமான 2 சதவீதத்தையே பத்து வருஷமாக நிறுத்த முடியாதவர்கள், டயரையும் துணியையும் என்ன செய்துவிடுவார்கள்?

மாற்றும் கையில் இருக்கிறது. சிலிக்கா, அரிசித் தவிடு, மெழுகு உருண்டை, வாதுமைக்கொட்டை ஓட்டுத் தூள் என்று கம்பெனிகளே மாறிக்கொண்டிருக்கின்றன. மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கத்துத் தெருக்களில் நலங்கு மாவும் சீயக்காயும் பீர்க்கங்காய் நாரும் இன்னமும் விற்கின்றன. பாட்டி காலத்துப் பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓட்டுத் தூள் கரகரப்பாக இருந்தால் மென்மையான தோலைக் கீறும், நலங்கு மாவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பயத்தம் மாவு கட்டரில் போனால் ஏதாவது ஒரு பூச்சிக்குச் சாப்பாடாகும், அவ்வளவுதான் என் கட்சி.

லேபிள் விஷயத்தில் ‘சாஷேயில் இடம் இல்லை’ என்ற பழைய சாக்கு இனி எடுபடாது. 2023 ஆகஸ்ட் 1-லிருந்து அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளுக்குக் க்யூஆர் குறியீடு கட்டாயம். விரல் அகல மாத்திரைப் பட்டையில் அச்சடிக்க இடம் கிடைத்தது. 60 மில்லி, 30 கிராம் விலக்கை நீக்கி அதே கட்டத்தை ஷாம்பூ சாஷேயிலும் ஒட்டச் சொல்ல மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு அரசிதழ் அறிவிப்பு போதும். அழகுசாதனப் பொருள்களை ஏற்றுமதி செய்ய நினைக்கும் இந்தியக் கம்பெனிகள் ஐரோப்பாவுக்காக 2027 அக்டோபருக்குள் கழுவிவிடும் சரக்கின் ஃபார்முலாவை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிய ஃபார்முலா ஹாம்பர்க்குக்கு மட்டும் போகுமா, 90 அடி ரோட்டுக்கும் வருமா என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.